முதலில் ஏத்தாப்பூரில் விதைத்துப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொழில்துறை ஹெம்ப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதைச் 'சணல்' என்றே எழுதிவிடுகிறார்கள். சாக்குக்கு ஆகும் சணல் வேறு. தழையுரத்துக்காக விதைத்து மடக்கி உழும் சணப்பை வேறு. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் நிற்கும் ரகம். மரவள்ளிக்கு விலை சரியும்போது மாற்றுப் பயிர் தேடும் சேலம் மாவட்டத்து ஆத்தூர், வாழப்பாடி, தலைவாசல் விவசாயிகள் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உரிமம் இல்லாமல் பயிரிட்டால் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 20-வது பிரிவில் பத்தாண்டு வரை சிறை உண்டு.

அதே சட்டத்தின் 14-வது பிரிவு, நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018-இல் உரிமம் கொடுத்தது. ஆனால் அங்கே ஆவது இங்கே ஆகுமா என்பதுதான் முதல் கேள்வி.

ஹெம்ப், பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் 14 மணி நேரத்துக்கு மேல் இருக்கும்வரை உயர்ந்துகொண்டே போகும். சேலத்தில் ஜூன் மாதத்திலேயே பகல் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான். ஐரோப்பிய ரகத்தை இங்கே விதைத்தால் முழங்கால் உயரத்தில் பூத்துவிடும், நார் தேறாது. வெப்பமண்டல ரகம் வேண்டுமென்றால் அவற்றில் பலவும் 0.3 சதவீதத்தைத் தாண்டுபவை. மகரந்தமோ காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். பக்கத்து மலையில் கள்ளத்தனமாக நிற்கும் கஞ்சாவோடு கலந்தால், எடுத்து வைத்த விதை அடுத்த போகத்தில் வரம்பு மீறும். அப்புறம் பயிரை அழிப்பதைத் தவிர வழியில்லை.

நாருக்கென்றால் ஏக்கருக்கு 20 கிலோ விதை, வரிசைக்கு வரிசை ஒரு சாண், ஆழம் ஓர் அங்குலம். இடைவெளி கூடினால் செடி கிளைத்துத் தண்டு தடிக்கும், நார் குறையும். விதைத்த கையோடு மழை பெய்து செம்மண் இறுகினால் முளை மேலே வராது. தண்ணீர் தேங்கினால் நாற்றுப் பருவத்திலேயே அழுகிவிடும். ஏற்காட்டில் காபித் தோட்ட நிழல் இதற்கு ஆகாது. வெயில் விழும் சரிவில் போட்டாலும், பூக்கும் நேரத்தில் மூடுபனி இறங்கினால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய சிக்கல் அறுவடைக்குப் பின்தான். காய்ந்த தண்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே நார், மிச்சம் தக்கை. தண்டை அப்படியே லாரியில் தூரத்துக்கு ஏற்றினால் வாடகையே விழுங்கிவிடும். நாரைப் பிரிக்கத் தண்டை ஊறப்போட வேண்டும். வயலில் பரப்பிப் பனியில் ஊறவைக்கச் சமவெளியில் பனி போதாது. குட்டையில் முக்கினால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தண்ணீர் கறுத்து நாறும், மீன் சாகும். சேலத்தில் ஏற்கெனவே நொந்து கிடக்கும் திருமணிமுத்தாற்றுக்கு இன்னொரு கழிவு வேண்டாம். பதம் பார்க்க ஒரு குச்சியை ஒடித்து உரித்தால் தெரியும்: நார் அடி முதல் நுனி வரை கழன்று வந்தால் சரி. தக்கை ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஊற வேண்டும். இழுத்ததும் அறுந்தால் அளவுக்கு மேல் ஊறிவிட்டது. நெல் அடிக்கும் இயந்திரத்தில் தண்டைக் கொடுத்தால் நார் சுழலும் அச்சில் கயிறாகச் சுற்றிக்கொண்டு, பேரிங் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். இதற்கென்றே உள்ள நார் பிரிக்கும் இயந்திரம்தான் தேவை.

ஆகவே விவசாயிக்கு உரிமம் தருவதற்கு முன், ஆராய்ச்சிக்கான அனுமதியோடு ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்திலும் ஏற்காடு தோட்டக்கலை நிலையத்திலும் ஆடிப் பட்டம், தைப் பட்டம் இரண்டிலும் ரகங்களை விதைத்துப் பார்க்க வேண்டும். பூக்கும் நாள், தண்டு உயரம், டி.எச்.சி. அளவு மூன்றையும் வெளியிட வேண்டும். அதுவரை, நார் பிரிக்கும் இயந்திரத்தையும் ஊறவைக்கும் தொட்டியையும் சணப்பையில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு எந்த உரிமமும் வேண்டாம். விதையும் இங்கேயே கிடைக்கிறது.

இப்படிக்கு,
வாழப்பாடி வட்டார வாசகர்கள்