விடுதலை நாளில் நினைக்க வேண்டியவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே வெளியான போதிலும், டெக்சாஸ் மாநிலத்தில் அடிமைப்பட்டிருந்த ஏறத்தாழ இரண்டரை லட்சம் கறுப்பின மக்களுக்கு அந்த விடுதலை நடைமுறைக்கு வந்தது, 1865 ஜூன் 19 அன்று கால்வெஸ்டன் நகரில் ராணுவ ஆணை அறிவிக்கப்பட்ட பிறகுதான். ஜூன்டீன்த் என்று கொண்டாடப்படுவது அந்த நாளே.

ஏழே ஆண்டுகளில், 1872இல், அதே மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் விடுதலை பெற்ற மக்கள், போதகர் ஜாக் யேட்ஸ் முதலானோரின் முயற்சியால் தங்களுக்குள் பணம் திரட்டி, இந்நாளைக் கொண்டாடுவதற்கென்றே 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். தம் உடல்மீதே உரிமையற்றிருந்தவர்கள் ஊருக்குப் பொதுவாக நிலம் வாங்கியதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு நெகிழ்கிறது. தேர்டு வார்டு பகுதியில் உள்ள அந்த எமான்சிபேஷன் (விடுதலை) பூங்கா இன்றும் மக்கள் கூடும் இடமாக இருக்கிறது. அதே பகுதியில் 1993இல் கறுப்பினக் கலைஞர்கள் எழுவர் தொடங்கிய ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்னும் லாபநோக்கற்ற அமைப்பு, கைவிடப்பட்டுக் கிடந்த 22 சிறு வீடுகளைச் சீரமைத்து, கலைக்கூடங்களாகவும் இளம் தாய்மார்கள் பிள்ளைகளுடன் தங்கிப் படிப்பைத் தொடர்வதற்கான இல்லங்களாகவும் மாற்றியது.

2021இல் இந்நாள் அமெரிக்கக் கூட்டரசின் விடுமுறையானது. இனி ஜூன் 19 குறித்துத் தாங்கள் வெளியிடும் செய்திகளில், தலைவர்களின் வாழ்த்துகளோடு, ஆண்டு முழுவதும் உழைக்கும் இத்தகைய உள்ளூர் அமைப்புகளின் பணியையும், அவற்றுக்கு உதவ விரும்புவோர் அணுகும் வழியையும் சேர்த்து வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்