கையெழுத்துக்கு முன்பே காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். இலங்கையில் சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். நாட்டின் கடன் நெருக்கடிக்கான எல்லாப் பழியையும் சீனக் கடன்மேல் போட்டுவிட்டீர்கள். ஆனால் 2017இல் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு வாங்கிய 112 கோடி டாலர் அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை, அன்னியச் செலாவணிக் கையிருப்பில்தான் சேர்ந்தது. 2022இல் தவணை கட்ட முடியாமல் நாடு கைவிரித்தபோது, சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்களின் சுமையும் சேர்ந்துதான் கழுத்தை நெரித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கம் போனேன். அவ்வளவு அகலமான புதுச் சாலையில் எருமைகள் நிதானமாகக் கடக்க, எங்கள் வேன் ஒன்றுதான் காத்து நின்றது. சரி, போட்ட சாலை போட்டதுதான். இனி யாரிடம் கடன் வாங்கினாலும் வட்டி, தவணை, பிணை எல்லாவற்றையும் சிங்களத்திலும் தமிழிலும் முன்கூட்டியே வெளியிட்டு, நாடாளுமன்றத்தில் விவாதித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.