எடிசன் நகரியத்தின் நடுவைத் தேடிய ஓராண்டு: செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆண்டின் முதல் கூட்டத்திற்குக் கோவையிலிருந்து புதிதாகக் குடிவந்த சகோதரி ஒருவர் வந்திருந்தார். "டவுன்ஹால், கடைவீதி, மணிக்கூண்டு என்று நம் ஊர்களில் சொல்வோமே, அதுபோல எடிசனுக்கு நடு எது?" என்று அவர் கேட்டார். அங்கிருந்த எவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழும் நமக்கே அது தெரியாதது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆகவே இவ்வாண்டின் மாதாந்திர நடைகளும் உரைகளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமையட்டும் என்று செயற்குழு முடிவு செய்தது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மிடில்செக்ஸ் கவுன்டியில் சுமார் 30 சதுர மைல் பரப்பில் விரிந்திருக்கும் நம் நகரியத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்தபோதே விடையின் பாதி தெரிந்துவிட்டது. எடிசன் ஒரு மெதுவடையின் வடிவில் இருக்கிறது. அதன் நடுத்துளையில் மெட்டச்சன் என்னும் வேறோர் ஊர், நாற்புறமும் எடிசனால் சூழப்பட்டு, தனக்கென மேயரும் மன்றமும் கொண்டு அமைந்திருக்கிறது. 1870 மார்ச் 17 அன்று உட்பிரிட்ஜ், பிஸ்கட்டவே ஆகிய இரு நகரியங்களின் பகுதிகளைச் சேர்த்து ராரிட்டன் நகரியம் என்ற பெயரில் நம் ஊர் அமைக்கப்பட்டபோது மெட்டச்சனும் அதற்குள்தான் இருந்தது. ஆனால் 1890களில் நியூ ஜெர்சி முழுவதும் சிற்றூர்கள் நகரியங்களிலிருந்து விலகி, 'பரோ' எனப்படும் தனி ஊராட்சிகளாகப் பிரிந்துபோகும் போக்கு காய்ச்சல்போல் பரவியது. அதன் தொடர்ச்சியாக, ரயில் நிலையமும் கடைத்தெருவும் கொண்டிருந்த மெட்டச்சன் 1900இல் பிரிந்தது. ராரிட்டன் ஆற்றோரத்து ஹைலண்ட் பார்க் 1905இல் பிரிந்தது. ஊரின் நடு ஊரைவிட்டே போய்விட்டது என்பதுதான் அந்தச் சகோதரியின் கேள்விக்கு நாம் கண்ட முதல் விடை.

அதற்கும் முந்தைய நடு ஒன்று இருந்ததை வசந்தகால நடையில் கண்டோம். உட்பிரிட்ஜ் அவென்யூவில் இருக்கும் பழைய பிஸ்கட்டவேடவுன், 1660களில் ஐரோப்பியர் குடியேறிய காலத்து ஊர்மையம். பெயரால் பிஸ்கட்டவேயைச் சேர்ந்தது, எல்லையால் எடிசனைச் சேர்ந்தது. அங்குள்ள செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தை 1835 ஜூனில் வீசிய சூறாவளி தரைமட்டமாக்கியது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. அதன் கல்லறைத் தோட்டத்தில், நச்சுக்காளான் உண்டு இறந்த இரு சகோதரர்களின் 1693ஆம் ஆண்டுக் கல் இருக்கிறது. நம்முடன் வந்த பிள்ளைகள் அக்கல்லின் முன் நெடுநேரம் நின்றார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பெற்றோரின் துயரம் இன்னும் கல்லில் படிக்கக் கிடைப்பதை அவர்களுக்குக் காட்ட முடிந்ததை இவ்வாண்டின் நற்பேறாகக் கருதுகிறேன்.

அந்தக் குடியேறிகளுக்கு முன்பு இது லெனாப்பே மக்களின் நிலம். ராரிட்டன் என்ற ஆற்றுப்பெயர் அவர்களுடையது. நாம் நாள்தோறும் கார் ஓட்டிச் செல்லும் 27ஆம் எண் நெடுஞ்சாலையும் அவர்களுடைய நடைபாதையின் தடத்தில் எழுந்து, பின்னர் அரசப் பெருவழியாகி, 20ஆம் நூற்றாண்டில் லிங்கன் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியானது.

நிலவியல் உரை எதிர்பார்த்ததைவிட அதிக உறுப்பினர்களை ஈர்த்தது. வட அமெரிக்காவை மூடியிருந்த பெரும் பனிப்படலம் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு தெற்கு நோக்கி வந்து நின்ற எல்லை, பெர்த் அம்பாயிலிருந்து மெட்டச்சன் வழியாக வடமேற்கே செல்கிறது. பனி சுமந்து வந்த கல்லும் மணலும் அங்கே மேடாகக் குவிந்தன. வடக்கு எடிசனில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டினால் செந்நிறப் படிவுப்பாறை வருகிறது. தெற்கே ஆற்றை நோக்கிப் போனால் கடலோரச் சமவெளியின் களிமண் வருகிறது. அந்தக் களிமண்ணை நம்பித்தான் ஒருகாலத்தில் இவ்வட்டாரத்தில் செங்கல் சூளைகள் நடந்தன. மேட்டுக்கும் சமவெளிக்கும் இடையே தாழ்வான இடங்களில் நீர் தங்கியதன் மிச்சமாக, மெட்டச்சனையும் சவுத் பிளெயின்ஃபீல்டையும் தொட்டுக்கொண்டு டிஸ்மல் சதுப்பு இருக்கிறது. 600 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த ஈரநிலம், சுற்றிலும் கிடங்குகளும் வீடுகளும் நெருக்கி நிற்க, மழைநீரை உறிஞ்சித் தேக்கி வைக்கிறது. கனமழையில் அடித்தள அறைக்குள் நீர் புகுந்த அனுபவம் உள்ள நம் உறுப்பினர்களுக்கு அதன் அருமையை நான் விளக்கவேண்டியதில்லை.

நம் நகரியத்துக்குள் இருக்கும் மென்லோ பார்க் பகுதியில் நடந்த நடையைப் பற்றிச் சொல்லும் முன் ஒரு திருத்தத்தைப் பதிவு செய்கிறேன். அங்குள்ள கிறிஸ்டி தெருவில் விஞ்ஞானி எடிசனின் ஆய்வகக் கட்டடம் இன்றும் நிற்பதாகச் சென்ற ஆண்டறிக்கையில் நான் எழுதியது தவறு; அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். 1876இல் தாமஸ் ஆல்வா எடிசன் அங்கே ஆய்வகம் அமைத்தார். 1877இல் ஒலிப்பதிவுக் கருவி பிறந்தது. 1879 அக்டோபரில் மின்குமிழ் நெடுநேரம் நின்று எரிந்தது. அவ்வாண்டின் கடைசி இரவில் அதைப் பார்க்க மக்கள் ரயிலேறி வந்தார்கள். ஆனால் சில ஆண்டுகளிலேயே அவருடைய பணி நியூ யார்க்குக்கு இடம்பெயர்ந்தது. கைவிடப்பட்ட கட்டடங்கள் சிதைந்தன. எஞ்சியவற்றையும் அவ்விடத்து மண்ணையுமே ஹென்றி ஃபோர்டு மிச்சிகனின் டியர்போர்னுக்கு எடுத்துச் சென்று, 1929இல் ஆய்வகத்தை மீண்டும் எழுப்பிக் காட்டினார். இங்கே இன்று நாம் காண்பது ஒரு சிறு அருங்காட்சியகமும், எடிசனின் பிறந்தநாளான பிப்ரவரி 11 அன்று 1938இல் திறக்கப்பட்ட நினைவுக் கோபுரமும்தான். அதன் உச்சியில் ஆளுயரத்தைவிட இரு மடங்கு உயரமான கண்ணாடிக் குமிழ் இருக்கிறது.

நகரியத்துக்கு அவர் பெயர் வந்தது, அவர் இங்கிருந்து சென்று எழுபது ஆண்டுகள் கழித்து, 1954 நவம்பரில்தான். ராரிட்டன் என்ற பெயரில் மாநிலத்தில் வேறு ஊர்களும் இருந்தன. வாக்காளர் முன் வைக்கப்பட்ட இன்னொரு பெயர் நிக்சன். லூயிஸ் நிக்சன் என்ற தொழிலதிபரை நினைவுகூரும் பெயர் அது. அவர் நிறுவிய வெடிமருந்து ஆலை வளாகத்தில் 1924 மார்ச் 1 அன்று நிகழ்ந்த பெருவெடிப்பில் பலர் உயிரிழந்தனர். உழைத்து மாண்ட அத்தொழிலாளர்களுக்கு நம் நடையில் சிறிது நேரம் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

நம் ஊரின் தெற்குப் பகுதிக்கு வெடிமருந்தோடு இருந்த உறவு அத்துடன் முடியவில்லை. முதல் உலகப்போரின்போது ராரிட்டன் ஆற்றங்கரையில் 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் அமைந்த ராணுவப் படைக்கலச் சாலை 1960களில் மூடப்பட்டது. அந்நிலத்தில்தான் இன்று ராரிட்டன் சென்டர் தொழிற்பேட்டையும், நம் பிள்ளைகள் பலர் படித்த மிடில்செக்ஸ் கல்லூரியும் இருக்கின்றன. ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் 1948 முதல் 2004 வரை இயங்கிய ஃபோர்டு கார் ஆலை, எடிசன் எல்லைக்குள் இருந்தும் தொடக்கத்தில் மெட்டச்சன் ஆலை என்றே அறியப்பட்டது. அந்த இடமும் இப்போது அங்காடி வளாகமாகிவிட்டது.

டர்ன்பைக், பார்க்வே என்னும் விரைவு நெடுஞ்சாலைகள் 1950களில் வந்த பிறகு வயல்கள் மனைகளாயின. 1950இல் 16,348 ஆக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 44,799 ஆனது. 2020 கணக்கெடுப்பில் 1,07,588. புதுத் தெருக்கள் நெடுஞ்சாலைகளைப் பற்றிக்கொண்டு ஓரங்களில் வளர்ந்தனவே தவிர, இழந்த நடுவை நிரப்பவில்லை. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்தியர் வரத் தொடங்கி, 2010இல் நகரியத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்திய மரபினராயினர். நம்மவர்கள் மளிகைக்கும் நகைக்கும் புடவைக்கும் கூடும் ஓக் ட்ரீ சாலையும் பக்கத்து ஊரான ஐசலினுக்கும் எடிசனுக்கும் பொதுவானது. எல்லை எங்கே தாண்டினோம் என்று அங்கே நடப்பவருக்குத் தெரிவதில்லை. அந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஓக் ட்ரீ பகுதியில் 1777 ஜூன் 26 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் ஷார்ட் ஹில்ஸ் சண்டையில் பிரிட்டிஷ் படையும் அமெரிக்கப் படையும் மோதின என்பதை நம்மில் பலர் இவ்வாண்டுதான் அறிந்தோம்.

பாதுகாப்பு பற்றிய ஒரு வேண்டுகோள். 1994 மார்ச் 23 இரவு, நிலத்தடி இயற்கை எரிவாயுக் குழாய் ஒன்று வெடித்து, நம் நகரியத்தின் டர்ஹம் உட்ஸ் குடியிருப்பின் எட்டுக் கட்டடங்கள் எரிந்தன. முன்னர் யாரோ தோண்டியபோது குழாயில் விழுந்த கீறலே காரணமென விசாரணையில் தெரிந்தது. ஆகவே வேலி போடவோ மரம் நடவோ மண்வெட்டியை எடுக்கும் முன்பு 811 எண்ணுக்கு அழைத்து, குழாய்த் தடங்களைக் குறித்துத் தரச் சொல்லுமாறு உறுப்பினர்களை வலியுறுத்துகிறேன்.

வரும் ஆண்டில் டிஸ்மல் சதுப்பில் பருவத்துக்கு ஒரு நடையும், மூத்த குடிமக்களிடம் ஃபோர்டு ஆலைக் கால நினைவுகளைக் கேட்டுப் பதியும் பணியும் தொடங்க எண்ணியுள்ளோம். முதலில் கேள்வி கேட்ட சகோதரி, பழைய வரைபடங்களைத் தொகுத்துத் தமிழில் குறிப்பெழுதும் பொறுப்பை ஏற்றுள்ளார். அவருக்கு நம் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை, மேற்சொன்ன திருத்தத்தோடு சேர்த்து, ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்