சவுத்தெண்டில் இருப்பது கடல்தான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழின் கோடைவிடுமுறைப் பக்கங்களில், லண்டனுக்குக் கிழக்கே இருக்கும் கடற்கரை நகரான சவுத்தெண்ட் பற்றி வந்த கட்டுரையை நான்கு தடவை வாசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவையும் ஒரே இடத்தில் தடக்கினேன். "இதைக் கடலென்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம், இது வெறும் சேறு." இந்த வரியை நீங்கள் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பினீர்களா என்று கேட்க மனம் வரவில்லை. பார்த்திருப்பீர்கள். அதனால்தான் கூடுதலாக நோகிறது.

கட்டுரையாளர் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கி, மீனும் சிப்ஸும் சாப்பிட்டு, மூன்று மணி ரயிலில் திரும்பியதாக அவரே எழுதியிருக்கிறார். போன திகதியையும் சொல்லியிருக்கிறார். உங்கள் இதழின் கடைசிப் பக்கத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அன்று அட்டமி.

தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் அகன்ற வாயில் இருக்கிறது சவுத்தெண்ட். வற்று நேரத்தில் அங்கே தண்ணீர் ஒரு மைலுக்கு மேலும் பின்வாங்கிப் போகும். பிறகு திரும்பி வரும். பறுவமென்ற பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில், கோடைகால மணிக்கூட்டுப்படி, பகல் ஒன்று இரண்டு மணியளவில் கடல் கரை முட்ட நிற்கும். அதன்பின் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்திப் பிந்தி, அட்டமி வரும்போது அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். அன்று கடலைப் பார்க்க விரும்பினால் வெள்ளனவே போக வேண்டும், அல்லது பின்னேரம் ஏழு எட்டு மணிவரை நிற்க வேண்டும். இதை எங்களுக்கு எந்தச் சுற்றுலா அலுவலகமும் சொல்லித் தரவில்லை. என் கணவர் குருநகரில் பிறந்தவர். பண்ணைக் கடலின் வற்றையும் பெருக்கையும் பார்த்து வளர்ந்தவர். லண்டனுக்கு வந்த பிறகும் சுவரில் தொங்கும் கலண்டரில் பறுவத்தைப் பார்த்துத்தான் "வாற ஞாயிறு போவம்" என்பார். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அந்தச் சேற்றை எங்கள் பக்கத்தில் சுரி என்போம். அதற்குள்தான் மட்டி இருக்கிறது. சவுத்தெண்டுக்கு மூன்று நிலையம் முன்னால் லீ-ஒன்-சீயில் இறங்கினால், பழைய மீனவர் தெருவில், அவித்த மட்டியை வினாகிரியும் வெள்ளை மிளகுத்தூளும் போட்டுச் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வாத்தினங்கள் வந்து மேய்வதும் அந்தச் சுரியில் முளைக்கும் கடற்புல்லைத்தான். கட்டுரையாளர் இதில் எதையும் பார்க்கவில்லை. அது அவர் விருப்பம். ஆனால் சேற்றுக்குள் வெகுதூரம் நடந்து போய்ப் படம் எடுத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறாரே, அதை எப்படிப் போட்டீர்கள்? பெருக்கு வரும்போது பள்ளங்களை முதலில் நிரப்பிக்கொண்டுதான் வரும். முன்னால் தரை தெரியும், திரும்பினால் கரைக்கு வழி இருக்காது. இப்படி அகப்படுகிறவர்களை மீட்கப் படகு போக முடியாததால்தான் உயிர்காப்புப் படையினர் அங்கே சேற்றின் மேலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உங்கள் இதழை நம்பி ஒரு குடும்பம் பிள்ளைகளோடு நடந்து போனால் யார் பொறுப்பு?

கடலுக்குள் நீளும் அந்த ஜெற்றியை "பயன் இல்லாத நீளப் பாலம்" என்று எழுதியிருந்தது. அந்த நீளத்துக்குக் காரணமே அவர் குறைசொன்ன வற்றுத்தான். தண்ணீர் பின்வாங்கிய நேரத்தில் லண்டனிலிருந்து வரும் கப்பல்கள் கரைக்கு வர முடியாது, அதனால் கப்பல் இருக்கும் இடத்துக்குத் துறையைக் கொண்டுபோனார்கள். 1830 இல் மரத்தில் தொடங்கி, 1889 இல் இரும்பில் கட்டி, இன்று இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். பொழுதுபோக்குக்காக உள்ள ஜெற்றிகளில் உலகிலேயே நீளமானது. இரண்டாம் உலகப் போரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல் தொடரணிகளை அங்கிருந்துதான் ஒழுங்குபடுத்தி அனுப்பினார்கள். 1986 இல் ஒரு கப்பல் மோதி முனைப் பக்கத்தில் பிளந்தது. 2005 ஒக்டோபரில் முனை எரிந்தது. அன்று காலை செய்தி பார்த்து, பல்கலைக்கழகத்தில் இருந்த என் மகன் தொலைபேசியில் அழைத்து "அம்மா, எங்கட ஜெற்றி எரிஞ்சிட்டுது" என்றான். அவன் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைகள் அதை எங்களுடையது என்று நினைத்திருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இத்தனையும் எழுதிவிட்டுப் படத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கட்டுரையோடு போட்டிருந்தது கூழாங்கல் கரை. அது பிரைட்டன். சவுத்தெண்டில் மேலே மணல், கீழே சுரி. சேறு என்று திட்டும் கட்டுரைக்கு மேலேயே கல்லுக்கரைப் படம். நான்கு வருடங்களுக்கு முன் பிளாக்பூல் கோபுரத்தைப் பார்த்துத்தான் பாரிசில் ஈஃபில் கோபுரம் கட்டினார்கள் என்று உங்கள் இதழில் வந்தபோதும் நான் எழுதினேன். ஈஃபில் 1889, பிளாக்பூல் 1894, கதை மறுபக்கம் என்று ஒரு பக்கக் கடிதம். திருத்தமும் வரவில்லை, கடிதம் கிடைத்ததென்று ஒரு வரியும் வரவில்லை. பொறுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு கோடையிலும் உங்கள் பக்கங்களில் டுபாய், டெனெரிஃப், சுவிற்சர்லாந்து. போகக்கூடியவர்கள் போகட்டும். நாங்கள் 1986 இல் வந்தபோது இவர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, நான் தையல் தொழிற்சாலையில். 1989 ஓகஸ்டில் ஒரு ஞாயிறு, இரவு வேலை முடித்து வந்தவர் படுக்காமல், "வெளிக்கிடுங்கோ" என்றார். புட்டையும் உருளைக்கிழங்குப் பிரட்டலையும் கட்டிக்கொண்டு, ஈஸ்ட்ஹாமிலிருந்து பார்க்கிங் (Barking) நிலையம் போய் ரயில் மாறினோம். ஒரு மணித்தியாலத்துக்குள் கடல். மகளுக்கு மூன்று வயது. இந்த நாட்டில் நாங்கள் சம்பளத்துக்கும் வாடகைக்கும் வெளியே செலவழித்த முதல் நாள் அது. இவர் மணலில் சப்பாத்தைத் தலைக்கு வைத்து நித்திரையாகிவிட்டார். பிள்ளைகள் அவருடைய காலை மணலால் மூடினார்கள். இதைவிடப் பெரிய விடுமுறை ஒன்றை நான் பிறகும் காணவில்லை.

"கிழக்கு லண்டன் ஏழைகளின் இடம்" என்றும் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. உண்மைதான். 1871 இல் சட்டப்படி வங்கி விடுமுறை என்ற பொது விடுமுறை நாட்கள் வந்த பிறகு துறைமுகத் தொழிலாளரும் தொழிற்சாலைப் பெண்களும் இதே ரயில் பாதையில்தான் ஒருநாள் பயணமாகப் போனார்கள். சம்பளத்தோடு ஒரு வாரம் லீவுக்கு வழிசெய்த சட்டம் 1938 இல்தான் வந்தது. அவர்கள் வாழ்ந்த தெருக்களில்தான் இன்று நாங்கள் வாழ்கிறோம். இதில் இழிவாகச் சொல்ல என்ன இருக்கிறது?

எல்லாம் இனிமையாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1993 இல் முதன்முதலாக ஒரு வாரம் தங்கப் போனோம். தொலைபேசியில் அறை இருக்கிறது என்று சொன்ன விடுதியில், எங்கள் முகத்தைக் கண்டதும் அறை இல்லை என்றார்கள். பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் வெயிலில் நடந்து ஐந்தாவது கதவைத் தட்டியபோது ஒரு வயதான அம்மா உள்ளே எடுத்தார். பன்றியிறைச்சியை விலக்கி முட்டையும் அவரைக்கொட்டையும் வைத்துத் தந்தார். தன் தாயார் விடுதி நடத்திய காலத்தில் மேசையில் வைக்கும் உப்பு மிளகுச் சாடிக்குக்கூடத் தனிக்காசு வாங்குவார்களாம், காலைச் சாப்பாடு முடிந்தால் மழையானாலும் வெளியே போய்விட வேண்டுமாம். சிரித்துச் சிரித்துச் சொன்னார். எங்களுக்கு அந்த வாரம் இரண்டு நாள் மழை. கடற்கரை ஒதுக்கிடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒடுங்கி இருந்து தேத்தண்ணி குடித்தோம். பக்கத்தில் இருந்த ஆங்கிலேயக் குடும்பமும் அப்படியே இருந்தது. கட்டுரையாளருக்கு வாய்த்ததோ வெயில் நாள். மூன்று மணித்தியாலம் போதுமென்று முடிவு செய்துவிட்டார்.

இன்று பேரப்பிள்ளைகளோடு போகிறோம். இவருக்கு முழங்கால் ஏலாது. போகும்போது ஜெற்றி ரயில், வரும்போது பிள்ளைகள் மட்டும் நடை. முனையில் நின்றால், வானம் வெளித்திருக்கும் நாளில், எதிர்க்கரைப் பக்கம் தண்ணீருக்கு மேலே ஒரு கப்பலின் சில கம்பங்கள் தெரியும். 1944 இல் வெடிமருந்தோடு தாழ்ந்த அமெரிக்கக் கப்பல், சுமார் 1,400 தொன் வெடிமருந்து இன்னும் உள்ளேயே இருக்கிறது. பேரன் ஒவ்வொரு முறையும் "அது இன்னும் வெடிக்கேல்லையா அம்மம்மா?" என்று கேட்கிறான். அவனுக்கு அது வெறும் சேறு இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. படத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடைசிப் பக்கத்துப் பஞ்சாங்கத்தில், ராகுகாலத்துக்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமைகளுக்காவது சவுத்தெண்டின் பெருக்கு நேரத்தைச் சேருங்கள். ஒரு வரிதான். இடமில்லை என்றால் என் ராசிபலனை எடுத்துவிடலாம், நான் கன்னி.

இந்த வருடச் சந்தாவை வழக்கம்போல் அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா என்று மட்டும் தெரியப்படுத்தவும்.

இப்படிக்கு,
முப்பது வருட வாசகி,
ஈஸ்ட்ஹாம், லண்டன்