பதக்கத்தில் நான்கு தசமம், பாதையில் நானூறு மீட்டர் பாக்கி: ஓட்டப் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். இது சென்ற ஞாயிற்றுக்கிழமை அரை மாரத்தானைப் பற்றிய மடல் என்பது சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடிவுக்கோட்டைத் தாண்டிக் கைக்கடிகாரத்தை அழுத்தியவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் பார்த்தார்கள். சிலருக்கு 20.68, சிலருக்கு 20.74. ஓட வேண்டியது 21.0975 கிலோமீட்டர். கேட்டதற்கு, "ஜிபிஎஸ் அப்படித்தான், முன்னே பின்னே காட்டும்" என்றீர்கள்.

முன்னே பின்னே காட்டும் என்பது பாதி உண்மை. கடிகாரம் நொடிக்கொரு புள்ளி வைக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் இப்படியோ அப்படியோ விலகி விழும். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் நேர்சாலைகூட நெளிந்து நீண்டுவிடும். போதாததற்கு, கூட்டத்தில் ஓடுபவர் வளைவின் உள்விளிம்பை ஒட்டி ஓட முடியாது. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவார், முன்னால் நடப்பவரைச் சுற்றிப் போவார். ஆகவே ஒழுங்காக அளந்த அரை மாரத்தானில் கடிகாரம் 21.2, 21.3 என்று காட்டுவதுதான் வழக்கம். ஒட்டுமொத்தக் கூட்டத்துக்கும் கச்சிதமாக 21.10 காட்டினாலே பாதை குறைவோ என்று சந்தேகப்பட வேண்டும். சுரங்கப்பாதையும் அடுக்கடுக்கான கொண்டை ஊசி வளைவுகளும் இருந்தால் கடிகாரம் குறைத்துக் காட்டலாம்தான். நம் பாதையில் இரண்டும் கிடையாது. அத்தனை பேருக்கும் 20.7 என்றால் கோளாறு கடிகாரத்தில் இல்லை.

எங்கள் முதல் வேண்டுகோள் இது. அடுத்த போட்டிக்குப் பதிவைத் திறக்கும் முன், தகுதி பெற்ற அளவையாளரைக் கொண்டு மிதிவண்டி முறையில் (சக்கரம் சுற்றுவதை எண்ணித் தூரம் காணும் முறை) பாதையை அளந்து, அளவுச் சான்றையும் வரைபடத்தையும் வெளியிடுங்கள்.

நானூறு மீட்டருக்கு இவ்வளவு கூச்சலா என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மணி நேரத்துக்குள் அரை மாரத்தானை முடிப்பது நம்மிடையே நிறைய பேரின் கனவு. அப்படிப்பட்ட ஒருவர் சென்ற ஞாயிறு 1:58:30-ல் முடித்தார் என்று வையுங்கள். பாதை 400 மீட்டர் குறைவென்றால் அவருடைய உண்மையான வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 43 நொடி. மிச்ச 400 மீட்டரையும் அதே வேகத்தில் ஓடியிருந்தால் 2:00:47 ஆகியிருக்கும். அவர் கொண்டாடிய இலக்கை அவர் இன்னும் தொடவே இல்லை.

இதோடு முடிந்தால் தேவலை. அவர் விடாமல் பயிற்சி எடுக்கிறார்: அதிகாலை எழுந்து, வாரம் ஒரு நீண்ட ஓட்டம், ஒரு டெம்போ ஓட்டம் (சற்றுக் கடினமான சீரான வேகத்தில்), மிச்ச நாளில் மெதுவோட்டம். சில மாதம் கழித்து ஒழுங்காக அளந்த வேறொரு பாதையில் 1:59:20 ஓடுகிறார். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் முன்னேறியிருக்கிறார். ஆனால் பட்டியலில் பின்தங்கிவிட்டதாகத்தான் இருக்கும். பயிற்சி பலிக்கவில்லை என்று முடிவு கட்டி இன்னும் கடுமையாக ஓடுவார். அடுத்து கணைக்கால் எலும்போ குதிகால் நாணோ பேசத் தொடங்கும். அல்லது, வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று ஷூவைக் கழற்றி வைத்துவிடுவார். இரண்டையும் நம் கூட்டத்திலேயே பார்க்கலாம்.

முழு மாரத்தானுக்குப் போகிறவர் கதி இன்னும் மோசம். அரை மாரத்தான் நேரத்திலிருந்து முழு மாரத்தானைக் கணிக்க நாம் பயன்படுத்துவது பீட் ரீகல் என்ற பொறியாளரின் சூத்திரம்: அரை மாரத்தான் நேரத்தைச் சுமார் 2.085-ஆல் பெருக்க வேண்டும். 1:58:30-ஐ நம்பினால் 4 மணி 7 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 5:51. உண்மையான 2:00:47-ஐ வைத்தால் 4 மணி 12 நிமிடம், கிலோமீட்டருக்கு 5:58. ஏழு நொடி அற்பமாகத் தோன்றும். 30 கிலோமீட்டர் வரை அந்த ஏழு நொடியைக் கூடுதல் வேகமாகச் செலவழித்தவருக்குத் தசையில் சேமித்த எரிபொருளான கிளைக்கோஜன் கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மிஞ்சாது. நடந்து வருவார். சரியாகச் சாப்பிடவில்லை, ஓடும்போது எடுக்கும் சத்து ஜெல்லைத் தாமதமாக எடுத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொள்வார். பழி போக வேண்டிய இடம் நீங்கள் அளக்காத பாதை. (அந்த ரீகல் பாதை அளவைத் துறையிலும் பெரிய பெயர் என்பது தற்செயல் அல்ல. தூரம் தவறென்றால் தன் சூத்திரம் குப்பை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

வரைபடச் செயலியில் கோடு இழுத்துப் பார்த்தோம், காரில் மீட்டர் வைத்தும் ஓட்டினோம் என்றீர்கள். செயலியின் கோடு சாலையின் நடுவில் போகும். ஓடுபவர் நடுவில் போவதில்லை. அரைவட்டத் திருப்பத்தில் ஏழு மீட்டர் உள்ளே ஓடினால் அந்த ஒரு திருப்பத்திலேயே 22 மீட்டர் மிச்சம். கார் மீட்டரோ டயரின் தேய்மானத்துக்கும் காற்றுக்கும் தக்கபடி மாறும். அதன் கடைசி இலக்கமே நூறு மீட்டர்தான்.

மிதிவண்டி முறை புதிய வித்தை அல்ல. 1964-லேயே அமெரிக்க ஓட்டவீரர் டெட் கார்பிட் சாலைப் பாதைகளை அளப்பது பற்றி விரிவான அறிக்கை எழுதிவிட்டார். 1970களின் தொடக்கத்தில் ஆலன் ஜோன்ஸ் செய்த எண்ணும் கருவி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முன்சக்கரத்தின் அச்சில் மாட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 11,000 எண்ணும். ஓர் எண்ணிக்கை ஒன்பது சென்டிமீட்டருக்குச் சமம். வேலை இப்படி நடக்கும். போக்குவரத்து குறைந்த, நேரான, சமமான சாலையில் குறைந்தது 300 மீட்டரை எஃகு நாடாவால் இரண்டு முறை அளந்து, இரு முனையிலும் ஆணி அடிக்க வேண்டும். எஃகு வெயிலில் நீளும் என்பதால் 20 டிகிரியை அடிப்படையாக வைத்து வெப்பத் திருத்தம் செய்ய வேண்டும். பத்து டிகிரியைக் கணக்கில் விட்டால் அரை மாரத்தானில் இரண்டரை மீட்டர் பிசகும். பிறகு அந்தத் துண்டில் நான்கு முறை மிதித்து, கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடித்து, அதோடு ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர். எந்தத் தவறு நேர்ந்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது.

அடுத்துதான் பாதை. ஓடுபவர் விதிப்படி ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் மிதிக்க வேண்டும்: வளைவில் நடைபாதை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, அடுத்த வளைவுக்கு நேர்கோட்டில் குறுக்காக. அளந்து முடித்ததும் அதே ஆணிகளுக்கிடையே மறுபடி நான்கு முறை. டயர் சூடேறினால் உப்பி எண்ணிக்கை குறையும், காற்று கசிந்தால் கூடும். முன்னும் பின்னும் பார்த்துச் சராசரி எடுத்தால்தான் அது தெரியும். இடையில் பஞ்சர் ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். தொடக்கம், திருப்பம், முடிவு, கிலோமீட்டர் புள்ளிகள் எல்லாவற்றையும் விளக்குக் கம்ப எண்ணிலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதி வைக்க வேண்டும். பெயிண்ட் குறியை மட்டும் நம்பினால் அடுத்த மாதம் தார் போடுகிறவர் அழித்துவிடுவார். உலகத் தடகள அமைப்பின் ஏ, பி தர அளவையாளர் தரும் சான்று, பாதையை மாற்றாதவரை, ஐந்தாண்டு செல்லும். ஒரு காலைப்பொழுது வேலை.

அளந்தால் மட்டும் போதாது. போட்டியன்று தவறு நடப்பது பெரும்பாலும் யூ டர்னில்தான். இருட்டில் கோன் வைக்கிற தன்னார்வலருக்குக் குறி தெரியாது. அல்லது, வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று யாரோ தள்ளி வைப்பார்கள். 50 மீட்டர் நகர்ந்தால் போக வர நூறு மீட்டர் போச்சு. அளந்தபோது பாதிச் சாலை, போட்டியன்று முழுச் சாலை என்று திறந்துவிட்டாலும் இதே கதைதான், வளைவெல்லாம் குறுக்குவழியாகிவிடும். திருப்பத்தில் வரைபடத்தோடு ஒரு பொறுப்பாளர் நிற்கட்டும், அங்கே ஒரு டைமிங் மேட் (கடப்பவரின் நேரத்தைப் பதியும் விரிப்பு) இருக்கட்டும். முதல் ஓட்டவீரருக்கு முன்னால் அளவையாளரே வண்டியில் போய்ப் பார்ப்பது உத்தமம். கிலோமீட்டர் பலகையையும் அருகிலுள்ள கம்பத்தில் கட்டுவதை நிறுத்துங்கள். 60 மீட்டர் தள்ளியிருந்தால் ஐந்து நிமிட வேகத்தில் ஓடுகிறவருக்கு 18 நொடி பிசகும். ஒரு கிலோமீட்டரில் பயந்து குறைப்பார், அடுத்ததில் பதறிக் கூட்டுவார்.

நீங்கள் எதையுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பதக்கம் ஆண்டுக்காண்டு கனக்கிறது. அதில் 21.0975 என்று நான்கு தசம இடம் வரை பொறித்திருக்கிறீர்கள்; பாதையில் இல்லாத துல்லியம் பதக்கத்திலாவது இருக்கட்டும். ட்ரோன் பறந்தது. ஜூம்பா நடந்தது. மேடைப் பேச்சு நீண்டு ஓட்டம் தாமதமாகத் தொடங்கியது. செல்ஃபி வளைவுக்கு இடம் போதவில்லை என்று தொடக்கக் கோட்டைச் சற்று முன்னால் தள்ளியதாகவும் ஒரு பேச்சு உலவுகிறது; அது பொய்யாக இருக்க வேண்டுகிறோம். கடைசியாக வந்தவர்களுக்குத் தண்ணீர் மேசையில் காலிக் கோப்பைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவர்கள் கட்டிய கட்டணமும் முதலில் வந்தவர் கட்டியதும் ஒன்றுதான். மன்னிக்கவும், தண்ணீரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்றைய பேச்சு அளவு மட்டும்.

தவறு உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. மான்செஸ்டர் மாரத்தான் 2013 முதல் 2015 வரை மூன்றாண்டும் 380 மீட்டர் குறைவு என்று மறுஅளவில் தெரியவந்தது. 2016-ல் கிளாஸ்கோவில் நடந்த கிரேட் ஸ்காட்டிஷ் ரன் அரை மாரத்தான் 149.7 மீட்டர் குறைவு. கேலம் ஹாக்கின்ஸ் படைத்த ஸ்காட்லாந்து சாதனை அதனால் செல்லாமல் போனது. 2021-ல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் கூடுதல். 2015-ல் பாங்காக்கில் யூ டர்ன் தவறியதால் அரை மாரத்தான் ஓடியவர்கள் சுமார் 27 கிலோமீட்டர் ஓடினார்கள். அங்கெல்லாம் தவறு வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நம்மிடம் ஜிபிஎஸ் மேல் பழி போடப்பட்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: பாதையை மிதிவண்டி முறையில் அளந்து, சான்றையும் வரைபடத்தையும் பதிவு தொடங்கும் முன்பே வெளியிடுங்கள். சென்ற ஞாயிறு பாதையையும் கோன் நின்ற இடத்தை வைத்து மறுபடி அளந்து, முடிவுப் பட்டியலில் 'அரை மாரத்தான்' என்பதற்குப் பதில் உண்மையான தூரத்தைப் போடுங்கள். சான்றிதழை ஏற்கெனவே பகிர்ந்துவிட்டவர்களுக்கு மனம் கசக்கும்தான். தவறான வேகத்தை நம்பி முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பதைவிட அது மேல்.

செலவும் ஆளும் தடை என்றால் சொல்லுங்கள். நாடா பிடிக்க, ஆணி அடிக்க, விடியுமுன் அளவையாளருக்குப் பின்னால் விளக்கெரியும் வண்டியோடு வர எங்களில் ஆட்கள் தயார். அளக்கும் தேதியை மட்டும் நீங்கள் குறித்து அறிவித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளில் தொடர்ந்து ஓடிவரும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள்