பெயரெழுத்து பொருந்தவில்லை என்று மானியம் நிற்கக் கூடாது: கோரிக்கை மனு

அனுப்புநர்:
மானிய விண்ணப்பதாரர்களுக்கு உதவும் தன்னார்வலர்கள்
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், கணினிப் பராமரிப்பாளர்கள், சமூகப் பணியாளர்கள்),
சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், டர்பன் சுற்றுவட்டாரம்,
குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
சமூக மேம்பாட்டுத் துறை,
பிரிட்டோரியா.

பொருள்: சமூக மானியங்களுக்கான அடையாள ஒப்பீடு, வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, பணப்பட்டுவாடா ஆகியவற்றின் பழைய தொழில்நுட்பத்தைச் சீர்படுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மே மாதத்தில் கோவிட் நிவாரண மானியம் தொடங்கியதிலிருந்து விண்ணப்பிக்கும் வாசல்கள் பெருகிவிட்டன. இணையதளம், வாட்ஸ்அப், இணையமில்லாக் கைபேசியில் எண் தட்டிக் கேட்கும் யுஎஸ்எஸ்டி என்று பல வந்தன. அதனால் மக்களுக்குப் பயன் கிடைத்ததை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போனால், முதியோர், ஊனமுற்றோர், குழந்தைகள் மானியங்கள் இன்னும் சோக்பென் என்ற பழைய மெயின்ஃப்ரேம் அமைப்பை நம்பித்தான் ஓடுகின்றன. 2024 இல் 370 ரேண்ட் ஆன அந்த நிவாரண மானியத்துக்குத் தனி அமைப்பு. இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று: வேறு துறைகளின் பதிவோடு ஒருவரை ஒப்பிடும் இடம். அங்கே தடை விழுந்தால் பணம் நிற்கிறது, ஏன் நின்றது என்று கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிவதில்லை. எனவே புதிய செயலி எதையும் இந்த மனுவில் நாங்கள் கேட்கவில்லை. இந்த ஒப்பீட்டைச் சரிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

முதலில் பெயர்ச் சிக்கல். 1860 நவம்பர் 16 அன்று, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்கள் பெயர்கள் எழுத்தரின் காதில் விழுந்தபடி பதிவாகி வந்தவை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் நாயுடுவை இரட்டை ‘ஓ’ போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒற்றை ‘யு’ போட்டு எழுதுவார். மூட்லியும் முடலியும் ஒரே வீட்டில் இருக்கும். பல குடும்பங்களில் பாட்டனாரின் இயற்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது: முனுசாமி, பெருமாள், வீராசாமி என்று. கோயிலில் தாலி கட்டி, சட்டப்படி பதிவு செய்யாமல் விட்ட திருமணங்களும் ஏராளம். அந்தப் பெண்களின் அடையாள அட்டையில் பிறந்த வீட்டுப் பெயரும், வங்கியிலும் மருத்துவமனைக் கோப்பிலும் கணவர் பெயரும் இருக்கும்.

கணக்குச் சரிபார்ப்பு பொதுவாக அடையாள எண், குடும்பப் பெயர், இயற்பெயரின் முதலெழுத்துகள் (இனிஷியல்), கணக்கு இயங்குகிறதா என்ற நான்கையும் பார்க்கிறது. அடிக்கடி தவறுவது மூன்று இடங்களில். அட்டையில் இரண்டு இயற்பெயர் இருக்க, வங்கியில் ஒன்று மட்டும் ஏறியிருக்கும். இரட்டைப் பெயருக்கு நடுவே ஓர் இடைவெளியோ சிறு கோடோ இருக்கும். அல்லது திருமணத்தால் குடும்பப் பெயர் மாறியிருக்கும். மூன்றிலும் ஆள் ஒருவரே, 13 இலக்க எண்ணும் ஒன்றே.

எங்கள் கோரிக்கை: 13 இலக்க எண் முழுதாகப் பொருந்தி, கணக்கும் உயிரோடு இருந்தால், முதலெழுத்து வேறுபாட்டை மட்டும் காரணம் காட்டி நிராகரிக்க வேண்டாம். குடும்பப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாமல் உச்சரிப்பை வைத்து ஒப்பிடலாம். இதற்கென 1918 இலேயே காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை பல தரவுத்தள மென்பொருள்களில் கிடைக்கிறது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டு, மீதியை மூன்று எண்களாக்கும் முறை அது. அதில் நாயுடுவின் இரு வடிவங்களும் ஒரே குறியீட்டில் விழும். மூட்லி, முடலி ஒன்றாகும். நாய்க்கரும் நாயகரும்கூட ஒன்றாகிவிடுவார்கள். ஆனால் முதல் எழுத்து மாறினால் கைவிரித்துவிடும்: செட்டி, ஷெட்டி என்றோ, வடிவேலுவை ‘வி’ போட்டும் ‘டபிள்யூ’ போட்டும் எழுதினாலோ இரண்டு ஆட்கள் என்றே சொல்லும். ஆகவே அதோடு ஒரு மாற்று எழுத்துக்கூட்டல் பட்டியலும் வேண்டும். ஒலி ஒப்பீட்டை மட்டும் நம்பி யாரையும் ஏற்கவும் கூடாது. கோவெண்டர் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எண்தான் திறவுகோல், பெயர் துணைச் சான்று.

எண்ணைப் பற்றியும் ஒன்று. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த நான்கு பாலினமும் வரிசையும், பிறகு குடியுரிமை இலக்கம், அதன்பின் பெரும்பாலும் 8 ஆகவே இருக்கும் ஓர் இலக்கம், கடைசி இலக்கம் லூன் சூத்திரப்படி வரும் சரிபார்ப்பு இலக்கம். எந்த ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் அந்தச் சூத்திரம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 09 என்பது 90 ஆன ஒரே ஒரு வகையைத் தவிர, பிடித்துவிடும். காகிதப் படிவத்திலிருந்து ஏற்றும் ஒவ்வொரு திரையும் தட்டிய கணத்திலேயே இந்தக் கணக்கைப் போட வேண்டும். சில வரி நிரல்தான். பல வாரம் கழித்து நிராகரிப்பாகத் திரும்பிவரும் தவறு, ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே திருந்திவிடும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் இருப்பதால் 1925 இல் பிறந்த பாட்டியும் 2025 இல் பிறந்த குழந்தையும் ஒரே மாதிரித் தொடங்குவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நூற்றாண்டை எண்ணிலிருந்து ஊகிக்காமல் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

இதே எண்ணமைப்புதான் மோசடிக்கும் வழி. ஒரு பிறந்த நாளைத் தெரிந்துகொண்டால், குடிமக்களுக்கு வரக்கூடிய எண்கள் பெரும்பாலும் 10,000 மட்டுமே. சரிபார்ப்பு இலக்கத்தைக் கணினியே போட்டுத் தரும். 2024 இல் ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழக மாணவர் இருவர் சுட்டிக்காட்டியது இதைத்தான்: எண்களை வரிசையாகக் கொடுத்து நிலையைக் கேட்டபோது அமைப்பு தடுக்கவில்லை, விண்ணப்பிக்காதவர் பெயரிலும் விண்ணப்பங்கள் இருந்தன. நிலை பார்க்கும் பக்கத்தில் ஓர் இணைப்பிலிருந்து மணிக்கு இத்தனை கேள்வி என்ற வரம்பு வேண்டும். எண்ணோடு பதிவான தொலைபேசிக்கு ஓடிபி போகாமல் பதில் தரவும் கூடாது.

ஆனால் ஓடிபியையே மலையாக நம்பவும் முடியாது. சில மாதம் பயன்படாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடுகின்றன. பாட்டியின் குறியீடு முன்பின் தெரியாதவர் கைக்குப் போகிறது. எண் மாற்றத்தை அடையாள அட்டையும் கைரேகையும் கொண்டு கவுண்டரில் அன்றே செய்துதர வேண்டும். பழைய எண்ணுக்கு ஓடிபி அனுப்பி அதைக் கேட்பது அர்த்தமற்றது.

கைரேகை என்றதும் இன்னொன்று. கரும்புத் தோட்டத்திலும் ஆடை ஆலையிலும் தேய்ந்த விரல்கள் ஸ்கேனரில் படிவதில்லை. கண்புரை அறுவைக்குப் பின் முகம் காட்டும் சோதனையிலும் சிலர் தேறுவதில்லை. பத்து விரலில் எது தெளிவாக விழுகிறதோ அதை ஏற்பது, அதுவும் இல்லையென்றால் முகம், அதுவும் தவறினால் அதிகாரி நேரில் பார்த்துக் கையொப்பமிடுவது: இந்த மூன்றாம் வழி விதியிலேயே எழுதப்பட வேண்டும். அதிகாரியின் கருணைக்கு விடக் கூடாது.

அடுத்தது, நிராகரிப்புச் செய்தி. ‘அடையாளம் சரிபார்க்கப்படவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது? எந்தத் துறையின் பதிவு, அதில் எந்தப் புலம், எந்தத் தேதியில் ஒப்பிட்டது, எந்த ஆவணத்தோடு எங்கே போக வேண்டும், எந்த நாளுக்குள் என்ற ஐந்தும் அந்தக் குறுஞ்செய்தியில் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிவாரண மானியத்தின் மாத வருமான வரம்பான 624 ரேண்டுக்கும் இது பொருந்தும். சாவு வீட்டுச் செலவுக்கு மைத்துனர் அனுப்பிய 700 ரேண்ட் வங்கிக் கணக்கில் விழுந்தால் அதுவும் வருமானமாகிவிடுகிறது. 2025 ஜனவரி 23 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், இணையம் வழி மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், வருமானத்தை இவ்வளவு விரிவாகப் பொருள்கொள்வதையும், மேல்முறையீட்டில் புதிய சான்று தர முடியாததையும் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. வழக்கின் அடுத்த கட்டங்கள் எப்படி அமைந்தாலும், எந்த நாளில் வந்த எந்தத் தொகை தடையாக நின்றது என்று விண்ணப்பதாரருக்குக் காட்டுவதற்கும், அது கடனா கைமாற்றா என்று அவர் பதில் எழுதுவதற்கும் நீதிமன்றம் சொல்லத் தேவையில்லை.

மின்சாரம் நின்றாலோ கேபிள் திருடுபோனாலோ ‘சிஸ்டம் இல்லை, நாளைக்கு வாங்க’ என்பது வழக்கமான பதில். மானியம் விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதால், திருப்பி அனுப்பும் ஒவ்வொரு நாளும் விண்ணப்பதாரரின் காசு. நான்கு கவுண்டர் உள்ள அலுவலகத்துக்கு ஆகும் மின்சாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். மடிக்கணினி நான்கும் சேர்த்து சுமார் 180 வாட், ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் 30 வாட், ஸ்கேனர்கள் 20 வாட். இரண்டரை மணி நேரத்துக்கு 575 வாட்-மணி. ஒரு கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரியும் சிறு இன்வெர்ட்டரும் தாராளமாகத் தாங்கும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் மாட்டக் கூடாது. சூடேறும் நேரத்தில் அது இழுக்கும் இழுப்பில் இன்வெர்ட்டர் அணைந்துவிடும். இணைப்பே இல்லாவிட்டால், வரிசை எண்ணிட்ட இரட்டைப் படி ரசீது கொடுத்து, அன்றைய தேதியையே விண்ணப்பத் தேதியாகப் பின்னர் ஏற்ற வேண்டும்.

பணம் கொடுக்கும் முறையை மாற்றும்போது நேர்ந்தவை தாங்கள் அறியாதவை அல்ல. 2012 இன் தனியார் ஒப்பந்தம் செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2013 இல் சொன்ன பிறகும், மாற்று ஏற்பாடு இல்லாததால் 2017 மார்ச்சில் அதே நிறுவனமே தொடர வேண்டியதாயிற்று. மானிய அட்டைகளை வழங்கிய அஞ்சல் துறை வங்கியான போஸ்ட்பேங்கின் மாஸ்டர் கீ (அட்டைகளின் தகவலைத் திறக்கும் ரகசியக் குறியீடு) 2018 இல் உள்ளுக்குள்ளிருந்தே களவுபோனது 2020 இல் வெளியே தெரிந்தது, 1.2 கோடி அட்டைகளை மாற்ற வேண்டிய நிலை வந்தது. 2023 செப்டம்பரில் ஓர் அமைப்பு மாற்றத்தால் ஏறத்தாழ 6 லட்சம் பேரின் பணம் தடைப்பட்டது. எனவே எந்த மாற்றத்தையும் மாதத்தின் முதல் வாரத்தில் செய்யாமல், ஒரு மாவட்டத்தில் மட்டும் தொடங்கி, ஒரு முழுச் சுற்று பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக் கணக்கு ஒத்துவந்த பிறகே மற்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கேட்டுக்கொள்கிறோம். பழையதற்கு அதே நாளில் திரும்பும் வழியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தமிழில் திரை வேண்டும் என்று இந்த மனுவில் கேட்கவில்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லி மதிக்கிறது. ஆனால் எங்கள் பகுதி முதியோர் பெரும்பாலும் ஆங்கிலமே படிப்பவர்கள். குறுஞ்செய்தியில் இருக்கும் ஆங்கிலம் எளிமையாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

முதல் கட்டமாக, முதலெழுத்து வேறுபாட்டால் மட்டும் நின்றுபோன விண்ணப்பங்களைப் புதிய விதிப்படி ஒரு முறை மீண்டும் ஓட்டிப் பார்க்க ஆணையிடுமாறு வேண்டுகிறோம். ஆட்களின் விவரம் எதுவும் இல்லாத, குடும்பப் பெயர் மாற்று எழுத்துக்கூட்டல் பட்டியல் ஒன்றைத் தயாரித்து இணைத்திருக்கிறோம். தங்கள் கணினிப் பிரிவு அழைத்தால் அதை நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கீழே கையொப்பமிட்டுள்ள தன்னார்வலர்கள்,
டர்பன்.

இணைப்பு: 1. மனுவின் ஆங்கிலப் படி. 2. மாற்று எழுத்துக்கூட்டல் பட்டியல். 3. நான்கு கவுண்டர் அலுவலகத்துக்கான மின்தேவைக் கணக்கு.