பார்க்ளே டி டோலி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து அனுப்பிய படத்தில் கசான் பேராலயத்தின் முன் நிற்கும், 1812இல் நெப்போலியனை எதிர்த்த ரஷ்யத் தளபதி குதுசோவின் சிலை தெளிவாக விழுந்திருக்கிறது. அதே முகப்பின் மறுபுறம் சிலையாக நிற்பவர், அதே போரில் அவருக்கு முன் படை நடத்திய தளபதி பார்க்ளே டி டோலி. இரண்டையும் வடித்தவர் ஒர்லோவ்ஸ்கி. 1837இல் இரண்டும் ஒன்றாகவே திறக்கப்பட்டன. குதுசோவை உலகமே அறியும். எனக்கோ மற்றவர்மேல்தான் மதிப்பு அதிகம்.

ஸ்காட்லாந்து வேர் கொண்ட, ஜெர்மன் பேசிய பால்டிக் குடும்பத்தில் பிறந்து, அரசவைச் செல்வாக்கு ஏதுமின்றிப் படிப்படியாக உயர்ந்தவர் அவர். 1809 மார்ச்சில், சுவீடனுடன் நடந்த போரில், ஏறத்தாழ மூவாயிரம் வீரரோடு உறைந்த பொத்னியா வளைகுடாவைக் கடந்து உமேயா நகரைப் பிடித்தார். புயலில் நொறுங்கி மீண்டும் உறைந்ததால் மேடும் பள்ளமுமாகக் கிடந்த பனிக்கட்டியின்மேல், முழங்காலளவு பனியில் பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மறு ஆண்டே அவர் போர் அமைச்சரானார்.

1812 ஜூனில் நெப்போலியன் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு நியேமென் ஆற்றைக் கடந்தபோது, பார்க்ளேயிடம் இருந்தவர்கள் சுமார் 1,20,000 பேர். தொலைவில் பிரிந்து நின்ற மற்றொரு ரஷ்யத் தளபதி பக்ராத்தியோனின் படை அதில் பாதிகூட இல்லை. தனித்தனியே மோதினால் இரண்டும் அழிந்திருக்கும். ஆகவே பின்வாங்கினார். அது முழுவதும் முன்பே வகுத்த திட்டம் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. திரிஸ்ஸா என்ற இடத்தில் அமைத்த அரண் முகாமில் நின்று போரிடுவதாகத்தான் முதலில் ஏற்பாடு, அந்த இடம் பயன்படாது என்று தெரிந்த பிறகே நகர்ந்தார்கள். ஜூலையில் ஜார் அலெக்சாண்டர் இரு படைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமைத் தளபதியை நியமிக்காமலேயே புறப்பட்டுவிட்டார். சேவை மூப்பிலோ பக்ராத்தியோன் முந்தியவர். ஸ்மோலென்ஸ்க் நகரம் எரிந்ததும், ஜெர்மானியன், துரோகி என்று பார்க்ளேமேல் ஏச்சு படைக்குள்ளேயே எழுந்தது. ஏசியவர்களில் முதல்வரான பக்ராத்தியோன் ஜார்ஜியர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆகஸ்டில் குதுசோவ் பொறுப்பேற்றார். அவரும் பின்வாங்கத்தான் செய்தார். தலைமை பறிபோன பார்க்ளே படையைவிட்டுப் போகவில்லை. மாஸ்கோவுக்கு மேற்கே நடந்த போரொடினோ பெரும்போரில் பதக்கங்கள் அனைத்தும் அணிந்த முழுச் சீருடையில் குண்டுமழைக்குள் நின்றார். அவர் ஏறிய குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. அதுவரை முகங்கொடுக்காத வீரர்கள் அன்று அவரைக் கண்டு ஆரவாரித்தார்கள். ஆறு நாள் கழித்து மாஸ்கோவை ஒட்டிய ஃபிலி கிராமத்தில் தளபதிகள் கூடிய ஆலோசனையில், படையைக் காக்க மாஸ்கோவை விட்டுவிடலாம் என்று வாதிட்டவரும் அவரே.

1814இல் பாரிஸ் வீழ்ந்தபோது அவருக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கிடைத்தது, 1818இல் காலமானார். மனைவி எழுப்பிய கல்லறை மண்டபம் இன்றைய எஸ்தோனியாவில் இருக்கிறது.

யாருக்குப் புகழ் என்ற சர்ச்சை அத்தோடு தீரவில்லை. குளிர்கால அரண்மனையில் தொங்கும் அவர் ஓவியத்தைப் பற்றி புஷ்கின் ஒரு கவிதை எழுதி 1836இல் வெளியிட, குதுசோவின் உறவினர் ஒருவர் கண்டித்து அறிக்கை விட்டார். குதுசோவின் புகழைக் குறைப்பது தம் நோக்கமல்ல என்று புஷ்கின் அச்சிலேயே விளக்கம் சொல்ல நேர்ந்தது. அந்த ஓவியம் இன்றும் அங்கேதான் இருக்கிறது, படைமுகாம் பின்னால் தெரிய, முழு உருவமாக. விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு எழுதும்மா.

அன்புடன்,
அப்பா